உடல் எடையும் அன்றாடக் கலோரிக் கணக்கும்

(ஆலய மண்டபத்தில் அன்பர்களிடையே ஆற்றப்பெற்ற உரை)



தைப்பூசத்திற்காக 48 நாள் விரதம் காத்தும் எடை குறையவில்லையே, ஓரிரண்டு கிலோ கூடியல்லவா விட்டது என்று வியப்போர் ஆண்டுதோறும் உளர். விரதத்தின் நோக்கம் எடைக் குறைப்பு அன்று. ஆயினும் அந்த வியப்பிற்கு விடை உண்டு. மீனையும் இறைச்சியையும் விலக்கியவர், எண்ணெயில் பொரித்த வடையையும் நெய் ஒழுகும் சர்க்கரைப் பொங்கலையும் கெட்டிப்பால் கலந்த தேநீரையும் விலக்கினாரில்லை. சைவம் என்பது உணவின் வகை. கலோரி என்பது உணவு தரும் ஆற்றலின் அளவு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் வரும் குழப்பமே இது.

இக்குழப்பம் சிறிய செய்தி அன்று. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடத்தப்பெற்ற தேசிய சுகாதார ஆய்வின்படி, 18 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. அன்னதானப் பந்தியில் அமரும் பெரியவர்களில் ஏறத்தாழ மூவருக்கு ஒருவர் என்பது இதன் பொருள். நீரிழிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் மிகுந்த எடை அவற்றுள் முதன்மையானது, மாற்றக்கூடியதும் ஆகும்.

எடை மிகுதியா இல்லையா என்பதை முதலில் அறிதல் வேண்டும். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். மேலை நாட்டார்க்கு 25 என்பது எல்லை. ஆசிய மக்களுக்கோ 23ஐத் தாண்டும்பொழுதே நோய் வாய்ப்பு கூடத் தொடங்குகிறது என உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் அறிவித்தது.

இனி நாளொன்றுக்கு எத்தனை கலோரி தேவை எனக் காண்போம். மிஃப்லின் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1990இல் வெளியிட்ட வாய்பாடு எளிது. எடையைப் பத்தால் பெருக்குக. சென்டிமீட்டரில் உள்ள உயரத்தை 6.25ஆல் பெருக்கி அதனுடன் கூட்டுக. வயதை ஐந்தால் பெருக்கி அதிலிருந்து கழிக்க. பெண்ணாயின் மேலும் 161ஐக் கழிக்க. ஆணாயின் 5ஐக் கூட்டுக. மூச்சு விடவும் இதயம் துடிக்கவும் உடற்சூடு காக்கவும் மட்டுமே செலவாகும் அளவு இது.

45 வயதுத் தாயார் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உயரம் 158 சென்டிமீட்டர், எடை 72 கிலோ. 720உடன் 987.5ஐக் கூட்டி, 225ஐயும் 161ஐயும் கழித்தால் ஏறக்குறைய 1,320 வரும். நாள் முழுதும் அமர்ந்தே பணிபுரிவோர் இதனை 1.2ஆலும், வீட்டு வேலையும் சிறிது நடையும் உள்ளோர் 1.375ஆலும், நன்கு உடலுழைப்போர் 1.55ஆலும் பெருக்க வேண்டும். இத்தாயாருக்கு இரண்டாவது பொருந்தும். ஆக, 1,815 கலோரி உண்டால் அவர் எடை கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. பெரும்பாலோர் இவ்விடத்தில் தம் உழைப்பை மிகைப்படுத்திப் பெரிய எண்ணைத் தேர்ந்துவிடுவர். ஐயம் எழுந்தால் சிறியதைக் கொள்வதே நன்று.

அவர் நாளொன்றுக்கு 400 கலோரி குறைப்பாராயின் மாதத்தில் 12,000 குறையும். உடற்கொழுப்பு ஒரு கிலோ ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம். ஆகவே மாதம் ஒன்றரைக் கிலோ இறங்கலாம். ஏட்டுக் கணக்கு இவ்வாறு கூறினும், எடை இறங்க இறங்க உடலின் தேவையும் இறங்குவதால் வேகம் தணியும். 66 கிலோவுக்கு வந்ததும் அவரது தேவை 80 கலோரி குறைந்திருக்கும். அப்பொழுது மீண்டும் கணக்கிட வேண்டும். பலர் மனந்தளர்ந்து கைவிடுவது இக்கட்டத்தில்தான்.

அந்த 400ஐ எங்கே தேடுவது? சோற்றைக் குறைப்பதற்கு முன் குவளையைப் பார்க்க வேண்டும். கெட்டிப்பால் ஒரு மேசைக்கரண்டி 60 கலோரிக்கு மேல். சீனி ஒரு தேக்கரண்டி 20. காலை, பிற்பகல், இரவு என மூன்று தே தாரிக் அருந்துபவர் அவற்றை விடுத்துச் சீனியில்லாத தே ஓ அருந்தினாலே பெரும்பகுதி கிடைத்துவிடும். அடுத்தது எண்ணெய். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தர, கொழுப்பு 9 தருகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 உண்டு. நல்லெண்ணெயாயினும் நெய்யாயினும் பெரிதும் மாறாது. ரொட்டி சானாய் ஒன்று 300ஐ ஒட்டி நிற்பதற்கும் இதுவே காரணம்.

நடந்தே கரைத்துவிடலாம் என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. பத்துமலையின் 272 படிகளையும் ஏறி முடிக்க ஆகும் செலவு 40, 50 கலோரிதான். இரண்டரைத் தேக்கரண்டிச் சீனி அதனை ஈடுசெய்துவிடும். கோலாலம்பூரிலிருந்து இரத ஊர்வலத்தோடு 15 கிலோமீட்டர் நடப்பவர்க்கோ 700க்கு மேல் செலவாகும். ஆனால் அது ஆண்டுக்கு ஒரு நாள்.

எடை கூட வேண்டிய இளைஞரும் உளர். அவர்கள் தேவைக்கு மேல் 300 கலோரி சேர்த்தல் போதும். கடலைச் சுண்டல், தயிர், நிலக்கடலை, முட்டை உண்போர்க்கு முட்டை ஆகியவற்றால் சேர்க்கலாம்.

வாய்பாடு தருவது மதிப்பீடே. பத்து விழுக்காடு முன்பின்னாக இருக்கலாம். மூன்று வாரம் கடைப்பிடித்து, வாரம் ஒருமுறை காலையில் எடை பார்த்துத் திருத்திக்கொள்க. சிறுவர்க்கும் கருவுற்ற மகளிர்க்கும் இக்கணக்கு பொருந்தாது. 1,200 கலோரிக்குக் கீழே தாமாக எவரும் இறங்கலாகாது.

ஒன்றை மட்டும் அழுத்திக் கூற வேண்டியுள்ளது. இன்சுலின் ஊசியோ, இரத்தச் சர்க்கரையை இறக்கும் சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர் மருந்தின் அளவை மாற்றாமல் உணவை மட்டும் குறைத்தால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயங்கி விழ நேரும். காவடியோ பால்குடமோ எடுக்க எண்ணுவோர் விரதம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே கிளினிக்கிற்குச் சென்று, எத்தனை வேளை உண்ணப் போகின்றனர் என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கூறி, மருந்தளவைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். உடன் வரும் குடும்பத்தார் சட்டைப்பையில் சில இனிப்பு மிட்டாய்களை வைத்திருக்கட்டும். வியர்வையும் நடுக்கமும் கண்டால் உடனே கொடுக்கலாம்.