மூட்டுவாதமும் இரண்டு சங்கங்களும்



வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் கல்விக்காகத் தோன்றியது. நோய்க்காகவும் சங்கம் கண்டவர்கள் உண்டு. இங்கிலாந்தில் மூட்டுவாதத்திற்காகத் தோன்றிய இரண்டு சங்கங்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

மூட்டுவாதம் என்றதும் முதுமையை நினைக்கிறோம். மூட்டுத் தேய்மானத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் மெய்யே. முடக்குவாதமோ வேறு. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்கும் நோய் அது. முப்பது வயதுத் தாயையும் அது பற்றும். சிறுவர்க்கு வரும் மூட்டுவாதமும் உண்டு. உயிரை உடனே பறிக்காத நோயாதலால் உலகம் அதனை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. உழைத்துப் பிழைப்பவர்க்கு விரல் மடங்காவிட்டால் கூலி போயிற்று. அதனை எந்தச் செய்தித்தாளும் எழுதாது.

1936-ஆம் ஆண்டு மருத்துவர் கோப்மன் முதலியோர் ‘பேரரசு வாதநோய் மன்றம்’ நிறுவினர். ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்டுவதே அதன் பணி. அக்காலத்தில் முடக்குவாதத்திற்குத் தங்க உப்பை ஊசிவழி செலுத்துவார்கள். (தங்கம் என்றாலே மதிப்பு நமக்கு மட்டுமன்று!) அதனால் பயன் உண்டா என்பதில் மருத்துவரிடையே கருத்து வேற்றுமை இருந்தது. மன்றம் ஒரு சாராருக்கு முழு அளவும் மற்றொரு சாராருக்கு மிக அற்ப அளவும் கொடுத்து ஒப்பிட்டு, பயன் உண்டென 1960-இல் அறிவித்தது.

1947-இல் ஆர்தர் மெயின்வேரிங் போவன் தொடங்கியது மற்றொரு சங்கம். அவரே முதுகெலும்பு இறுகும் வாதநோயால் துன்புற்ற இளைஞர். நோயாளிக்கு மருந்து மட்டும் போதுமா? பேச்சுத்துணை வேண்டும், நோயோடு வாழும் வழியும் தெரிய வேண்டும். பின்னாளில் இச்சங்கத்தில் நோயுற்றவர்களே பயிற்சி பெற்று மற்ற நோயாளிகளுக்கு வகுப்பெடுத்தனர். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு மிகவும் பிடித்த செய்தி இதுவே.

முதற்சங்கத்தின் பொருளுதவியால் வளர்ந்தது லண்டன் கென்னடி ஆய்வு நிலையம். அங்கே மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி என்னும் இருவர் ஆராய்ந்தனர். மைனி நம் நாட்டு லூதியானாவில் பிறந்தவர். மூட்டில் அழற்சியைத் தூண்டும் ‘டி.என்.எஃப்.’ என்ற புரதத்தை அடக்கினால் நோய் தணியும் என்று அவர்கள் கருதினர். 1992-இல் இருபது நோயாளிகளுக்கு அம்மருந்தைச் செலுத்தினர். வலியும் வீக்கமும் வியக்கத்தக்கவாறு குறைந்தன. சில வாரங்களில் நோய் மீண்டது. மறுபடியும் மருந்து செலுத்த வேண்டியதாயிற்று. ஆயினும் 1999-இல் அமெரிக்க அரசு முடக்குவாதத்திற்கு அதனை ஏற்றது. விலைதான் ஏழைக்கு எட்டாதது; இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

தனித்தனியே இயங்கிய அவ்விரு சங்கங்களும் 2017-இல் இணைந்தன. 2018-இல் ‘வெர்சஸ் ஆர்த்ரைட்டிஸ்’ என்னும் பெயரை ஏற்றன.

இனி, நம் வீட்டுச் செய்தி. காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் அரைமணி நேரத்திற்கு மேல் இறுகியிருந்து, வீக்கமும் வாரக்கணக்கில் நீடித்தால், தைலம் தடவிக் காலம் கடத்தலாகாது. அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூட்டு உருக்குலைந்த பின் அதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்தால் இயலாது. மெத்தோட்ரெக்சேட் என்னும் விலை மலிவான மாத்திரையே இன்றும் முதல் மருந்து. அதனை மருத்துவர் மேற்பார்வையில், இரத்தப் பரிசோதனையோடு, வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு அந்த நாளை நாட்காட்டியில் குறித்துக் கொடுங்கள், இளைஞர்களே.