திறந்த கதவும் திறவாத செய்தியும்



கிணற்றுப் பாசனத்தில் விளைந்ததையும், வானம் பார்த்த கரிசலில் விளைந்ததையும் ஒரே மரக்காலால் அளந்து, "இவன் உழைப்பாளி, அவன் சோம்பேறி" என்று தீர்ப்பளித்தால் ஏற்பீர்களா? மாட்டீர்கள்! மருத்துவக் கல்லூரி வாயிலிலோ, அந்தத் தீர்ப்புக்குத்தான் "தகுதி" என்று பெயர்!

வழக்கு பழையது. 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி ஆணை வீழ்ந்தது, தமிழகம் கொதித்தது, அவ்வாண்டே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது.

அமெரிக்காவில் டேவிஸ் மருத்துவக் கல்லூரி, கறுப்பின மக்கள் உள்ளிட்ட சிறுபான்மையினருக்கு 100 இடங்களில் 16-ஐ ஒதுக்கிற்று. 1978-இல் உச்ச நீதிமன்றம் அதனை வீழ்த்திற்று. 2023-இல் இனத்தைக் கருதும் சேர்க்கையே கூடாது என்றது.

அங்கே கதவு மூடிற்று. இங்கே 2020-இல் சட்டமன்றம், அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு வழங்கிக் கதவைத் திறந்தது. 2022-இல் சென்னை உயர்நீதிமன்றமும் அது செல்லும் என்றது. கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

நீட் தேர்வு தடைக்கல்தான். அதை அகற்றும் போர் ஒருபுறம் நடக்கட்டும். மறுபுறம், கையிலுள்ள உரிமையைக் காக்க வேண்டாமா? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு அவ்வொதுக்கீடு. வட்டிக்குக் கடன் வாங்கி, ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றும் தந்தை, தன் மகளின் உரிமையைத் தானே விற்கிறார். விற்பதை அறியாமலே விற்கிறார்!

தோழர்களே, மேடையில் முழங்குவது எளிது. நாளைக் காலை அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இந்த விதியைச் சொல்லுங்கள். விருதுநகரில் 2022-இல் திறந்த மருத்துவக் கல்லூரிக்கு நம் கரிசல் பிள்ளைகள் நோயாளிகளாக மட்டுமா செல்வது? மருத்துவராகவும் செல்லட்டும்!