பத்தா, பன்னிரண்டா?

ஹெர்குலிஸ் என்று நாம் சொல்லும் வீரனைக் கிரேக்கர்கள் ஹெராக்ளிஸ் என்றார்கள். அவன் முடித்த அரும்பணிகள் பன்னிரண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அவனுக்கு முதலில் விதிக்கப்பட்டவை பத்துதான். மற்ற இரண்டு எப்படிச் சேர்ந்தன என்பதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. கிரேக்கப் புராணத்தைப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் ஆசிரியர்களிடம், அந்த வழக்கிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

வழக்கமாக என்ன நடக்கிறது? கரும்பலகையில் தெய்வங்களின் பட்டியல். கடலுக்கு யார், இடிக்கு யார், போருக்கு யார் என்று ‘பொருத்துக’. தேர்வு முடிந்த மறுநாள் அத்தனை பெயர்களும் பறந்துபோகும். இல்லாவிட்டால் அட்டையில் வாளும் கிரீடமும் செய்யச் சொல்வார்கள். பாடவேளை முழுவதும் கத்தரிக்கோலிலும் பசையிலும் கழியும். கதைக்கு ஐந்து நிமிடம்கூட மிஞ்சாது. பிள்ளைகள் கையில் கதையின் சச்சரவைக் கொடுங்கள். பெயர்கள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

வழக்கைச் சொல்கிறேன். அப்பல்லோடோரஸ் பெயரால் வழங்கும் பழைய கதைத்தொகுப்பில் இருப்பது இது. ஹீரா தேவி ஏவிய பித்தால் ஹெராக்ளிஸ் தன் பிள்ளைகளையே கொன்றுவிடுகிறான். புத்தி தெளிந்ததும் டெல்ஃபிக்குப் போய்க் குறி கேட்கிறான். யூரிஸ்தியஸ் அரசனுக்கு ஊழியம் செய், அவன் சொல்லும் பத்து வேலைகளை முடி என்று வாக்கு வருகிறது. ‘சின்னப் பிள்ளைகளிடம் இந்தக் கொலையைச் சொல்லலாமா?’ என்று தயங்குபவர்கள் உண்டு. நான் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவேன். அதை மறைத்தால், இவ்வளவு பலசாலி ஏன் ஒரு கோழை அரசனுக்குக் கைகட்டி நிற்கிறான் என்பது பிள்ளைகளுக்குக் கடைசிவரை விளங்காது. பெரிய வகுப்பு என்றால் இன்னொன்றும் சொல்லலாம்: யூரிப்பிடிஸ் தன் நாடகத்தில் இந்தப் பித்தை அரும்பணிகளெல்லாம் முடிந்த பிறகு வைத்திருக்கிறார். கிரேக்கர்களே கதையை ஒரே மாதிரி சொல்லவில்லை என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்குத் துணிச்சல் வந்துவிடும்.

இரண்டாவது வேலை, லெர்னா சதுப்பில் இருந்த பல தலைப் பாம்பு ஹைட்ராவைக் கொல்வது. ஒரு தலை போனால் இரண்டு முளைக்கிறது. உடன்பிறந்தானின் மகன் இயோலாஸைக் கூப்பிடுகிறான் ஹெராக்ளிஸ். அவன் கொள்ளிக்கட்டையால் கழுத்தைச் சுட்டுப் பொசுக்க, தலை முளைப்பது நிற்கிறது. ‘உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டாய், இது கணக்கில் சேராது’ என்கிறான் அரசன்.

ஐந்தாவது, எலிஸ் நாட்டு மன்னன் ஆகியஸின் மாட்டுத்தொழுவம். மலைபோல் சாணம். ஒரே நாளில் சுத்தம் செய்கிறேன், மந்தையில் பத்தில் ஒரு பங்கு கொடு என்று பேசிக்கொண்டு, அல்ஃபியஸ், பெனியஸ் என்ற இரண்டு ஆறுகளைத் தொழுவத்துக்குள் திருப்பிவிடுகிறான் ஹெராக்ளிஸ். யூரிஸ்தியஸ் இட்ட கட்டளை இது என்று பிறகு தெரிந்ததும், கூலி தர மாட்டேன், அப்படிப் பேசவே இல்லை என்று சாதிக்கிறான் ஆகியஸ். நடுவர்கள் உட்காருகிறார்கள். சாட்சி சொல்ல எழுந்தவன் ஆகியஸின் சொந்த மகன் ஃபைலியஸ். ‘அப்பா கூலி தருவதாகச் சொன்னார்’ என்கிறான். தீர்ப்பு வருமுன்பே மகனையும் ஹெராக்ளிஸையும் நாட்டைவிட்டுத் துரத்துகிறான் தகப்பன். யூரிஸ்தியஸோ, ‘கூலி பேசிச் செய்தாய், இதுவும் செல்லாது’ என்று தள்ளிவிடுகிறான். இப்படித்தான் பத்து, பன்னிரண்டாயிற்று.

இப்போது வகுப்பை நீதிமன்றமாக்குங்கள். ஒரு பக்கம் அரசன் தரப்பு, ஒரு பக்கம் ஹெராக்ளிஸ் தரப்பு, நடுவில் தீர்ப்புச் சொல்ல ஏழு பேர். இயோலாஸுக்கும் ஃபைலியஸுக்கும் சாட்சிக்கூண்டு. கதையில் இல்லாததை யாரும் சேர்க்கக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. வீட்டுக்கணக்கை அக்கா சொல்லிக்கொடுத்தால் அது என் கணக்கா, அக்காவின் கணக்கா? தண்டனையாகச் செய்யும் வேலைக்குக் கூலி கேட்பது நியாயமா? இந்தக் கேள்விகள் தாமாகவே எழும். ஃபைலியஸாக வருகிற பிள்ளைக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுங்கள். அப்பாவுக்கு எதிராக உண்மை பேசுவது, கதை என்றாலும், எந்தப் பிள்ளைக்கும் சுலபமாக இருக்காது.

சான்றுப்பொருளாகப் பானைகளைக் கொண்டுவரலாம். செம்மண் நிறப் பரப்பில் கறுப்பு உருவங்களைத் தீட்டி, கூர்முனையால் கீறிக் கண்ணும் தாடியும் வரைந்தவர்கள் ஏதென்ஸ் குயவர்கள். அவற்றில் பலமுறை வருகிற காட்சி: ஹெராக்ளிஸ் காட்டுப்பன்றியைத் தோளில் சுமந்து வந்து நிற்கிறான், யூரிஸ்தியஸ் பயந்துபோய்ப் பெரிய சாடிக்குள் ஒளிந்துகொண்டு கையை நீட்டுகிறான். ‘செல்லாது, செல்லாது’ என்றவன் இவன்தான் என்று அந்தப் படத்தைக் காட்டுங்கள். பிறகு ஆரஞ்சு நிற அட்டையில் கறுப்பு மெழுகு வண்ணத்தை அடர்த்தியாகப் பூசி, ஆணி முனையால் சுரண்டி அவர்களும் வரையட்டும்.

இன்னொரு பானை வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் கி.மு. 530இல் எக்ஸேகியாஸ் செய்தது. டிராய் போரின் இரண்டு பெருவீரர்கள், அக்கிலிஸும் அயாஸும், ஈட்டியைத் தோளில் சாய்த்தபடியே குனிந்து காய் விளையாடுகிறார்கள். அவர்கள் வாயருகே எழுத்து இருக்கிறது. அதை மறைத்துவிட்டு, என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். சபதம், வஞ்சினம், போர் முழக்கம் என்று எழுதுவார்கள். பிறகு திறந்து காட்டுங்கள். அக்கிலிஸ் சொல்வது ‘நான்கு’. அயாஸ் சொல்வது ‘மூன்று’. அவ்வளவுதான். பின்னாளில் அக்கிலிஸின் உடலைப் போர்க்களத்திலிருந்து சுமந்து வரப்போகிறவன் அந்த அயாஸ் என்பதை அதற்கப்புறம் சொல்லுங்கள்.

சின்ன வகுப்புக்கு, காளைத்தலை அரக்கன் மினோட்டாரை அடைத்துவைத்த புதிர்ப்பாதை போதும். கூட்டல் குறி ஒன்று, நான்கு மூலையிலும் வளைவும் புள்ளியும், பிறகு முனைகளை வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போனால் ஏழு சுற்றுப் பாதை வந்துவிடும். கோலம் போடத் தெரிந்த கைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். நோசஸ் நகரத்து நாணயங்களில் இருக்கிற வடிவம் இது. இதற்குள் கிளைவழியே கிடையாது. பிறகு மினோட்டாரைக் கொல்ல உள்ளே போன வீரன் தீசியஸுக்கு இளவரசி அரியாட்னே எதற்கு நூலுருண்டை கொடுத்தாள்? கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள்.

இனி நம் வழக்குக்கு வருவோம். ஏழு பேரும் தீர்ப்பை எழுதி மடித்துக் கொடுத்த பிறகு, ஒலிம்பியாவின் ஜீயஸ் கோயில் சிற்பங்களின் படத்தைச் சுவரில் மாட்டுங்கள். ஏறத்தாழ கி.மு. 460இல் செதுக்கியவை. முன்பக்கம் ஆறு, பின்பக்கம் ஆறு, மொத்தம் பன்னிரண்டு கற்பலகைகள். ஹைட்ரா இருக்கிறதா என்று பிள்ளைகள் தேடுவார்கள், இருக்கிறது. தொழுவமும் இருக்கிறது. ஒலிம்பியா இருப்பது ஆகியஸ் ஆண்ட அதே எலிஸ் நாட்டில். தொழுவப் பலகையில் ஹெராக்ளிஸ் சாணத்தை வாரிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் நின்று அதெனா தேவி அவனுக்கு வழிகாட்டுகிறாள். ‘அப்படியானால் இதுவும் உதவிதானே?’ என்று ஒரு பிள்ளை கேட்டால், மணி அடித்தாலும் வகுப்பை முடிக்காதீர்கள்.