சுமை சிறுத்தால் வழி சுருங்கும்

மலைநாட்டிலே வாழ்வோர்க்குச் சுமையின் இயல்பை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. சமவெளியில் ஐந்து கிலோ அரிசி ஐந்து கிலோவாகவே இருக்கும். ஏற்றத்திலே அதுவே பத்துக் கிலோவாகத் தோன்றும். கண்டி மாநகரின் கடைத்தெருவுக்கு இறங்கி, பின்னர் மேட்டிலுள்ள வீட்டுக்கு ஏறிச் செல்பவர் யாவரும் இதனை அறிவர். ஆகவே, கையோடு கொண்டு செல்லும் பொருள் இலேசாக இருத்தல் வேண்டும் என்னும் விருப்பம் இப்பகுதி மக்களுக்குப் புதியதன்று.

அவ்விருப்பத்தை நிறைவேற்றும் பொருள்கள் இன்று கடைகளிலே மலிந்துள்ளன. உள்ளங்கையில் அடங்கும் மழைச்சட்டை, சுருட்டினால் கைப்பையிலே புகுந்துவிடும் நைலோன் கூடாரம், அலுமினியத்தாலான ஊன்றுகோல் என்று அவை பலவாம். விடுமுறை நாள்களில் ஹந்தானை மலையிலும், நக்கிள்ஸ் மலைத்தொடரிலும் ஏறும் இளைஞர்கள் இவற்றை ஆவலோடு வாங்குகின்றனர். பொருளைக் கையில் எடுத்ததும், “இவ்வளவுதானா பாரம்!” என்று வியக்கின்றோமே, அந்த மகிழ்ச்சிக்குக் காரணம் யாது? இலேசான பொருள்கள் யாவும் நல்ல பொருள்கள்தாமா? இவ்விரு வினாக்களையும் இன்று சிறிது ஆராய்வோம்.

இதற்குக் கண்டி இராச்சியத்தின் வரலாற்றிலேயே சிறந்ததொரு சான்று உண்டு. 1660ஆம் ஆண்டில், திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கொட்டியாரத்தில் கப்பலிலிருந்து இறங்கிய ஆங்கிலேயர் சிலர் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டனர். அவர்களுள் ஒருவர் றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞர். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் கண்டி நாட்டுக் கிராமங்களிலே வாழ்ந்தார். தப்பிச் சென்றபின் 1681இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல், அக்கால மக்களின் வாழ்க்கையை அறிய நமக்குப் பெருந்துணை புரிகின்றது.

அந்நூலில் நொக்ஸ் வியந்து போற்றும் பொருள்களுள் ஒன்று, சிங்களத்தில் ‘தல’ என வழங்கும் தாளிப்பனையின் ஓலை. விரித்தால் அதன் கீழ் பதினைந்து இருபது பேர் மழைக்கு ஒதுங்கலாம். மடித்தாலோ விசிறிபோலச் சுருங்கி, ஒரு மனிதனின் கையளவு பருமனே ஆகும் என்கிறார் அவர். போர்வீரர் ஒவ்வொருவரும் அதனைத் துண்டாக வெட்டி உடன் கொண்டு சென்றனராம். பகலில் அது வெயிலுக்கும் மழைக்கும் குடை. இரவில் அதுவே கூடாரம். காட்டுவழியிலே நடப்போர் அதன் கூரிய முனை முன்னே இருக்குமாறு தலைமேல் வைத்துக்கொள்வர். எதிர்ப்படும் கிளைகளை அம்முனையே விலக்கிவிடும். அந்தப் பனையின் குருத்தோலையைப் பதப்படுத்தித்தான் நூல்களும் எழுதினர். வீடும் குடையும் ஏடும் ஒரே மரத்தின் ஓலையாக இருந்தமை எண்ணி மகிழத்தக்கதன்றோ?

இத்துணை மெல்லிய ஓலை இவ்வளவு அகலமாக விரிந்தும் தொய்யாமல் நிற்பது எங்ஙனம்? நேயர்களே, ஒரு தாளை எடுத்து அதன் ஓரத்தைப் பிடித்துப் பாருங்கள். அது வளைந்து தொங்கும். அதே தாளை விசிறிபோல மடிப்பு மடிப்பாக மடித்து, மடிப்பின் ஒரு முனையைப் பிடியுங்கள்; இப்பொழுது அது விறைப்பாக நிற்கும். தாளின் நிறை சிறிதும் கூடவில்லை. வலிமை மட்டும் கூடிவிட்டது. தாளிப்பனை ஓலையின் இரகசியம் அந்த மடிப்பிலேதான் இருக்கின்றது.

பேராதனைப் பூங்காவுக்குச் செல்வோர் தாளிப்பனையையும் காணலாம். மகாவலி கங்கைக் கரையிலே ஓங்கி நிற்கும் இராட்சத மூங்கிலையும் காணலாம். மூங்கிலின் நடுவிலே ஒன்றுமில்லை, வெறும் குழல். ஒரு கோல் வளையும்போது அதன் வெளிப்புறமே பெரும் இழுப்பையும் நெருக்கத்தையும் தாங்குகின்றது. நடுப்பகுதிக்கு வேலை மிகக் குறைவு. அந்த நடுப்பகுதியை மூங்கில் நீக்கிவிட்டது. ஆனால் கணுக்களை நீக்கவில்லை. குழல் நசுங்கிப் போகாதவாறு இடையிடையே காப்பவை அக்கணுக்களே.

இக்கருத்தையே ஆங்கில நாட்டு உருக்குத் தொழிலதிபர் சாமுவேல் பொக்ஸ் என்பவர் 1852ஆம் ஆண்டில் குடைக்குப் பயன்படுத்தினார். அதற்குமுன் குடைக்கம்பிகள் பெரும்பாலும் திமிங்கிலத்தின் வாய்த்தகட்டாலோ பிரம்பாலோ ஆனவை. பொக்ஸ், உருக்குக் கம்பியைக் கெட்டியாகச் செய்யாமல், வாய்க்கால் போன்று நடுவே குழிந்ததாகச் செய்தார். உருக்கு குறைந்தது, உறுதி குறையவில்லை. கண்டி மழைக்கு நாம் விரிக்கும் குடையின் கம்பியை உற்றுநோக்கினால் அந்தக் குழிவை இன்றும் காணலாம்.

ஆகவே, இலேசான பொருள் நம்மை மகிழ்விப்பதன் காரணம் ஓரளவு புலனாகின்றது. அதனை ஆக்கியவர் எது வேண்டும், எது வேண்டாம் என்று ஆராய்ந்து தெளிந்துள்ளார். அத்தெளிவைத்தான் நம் கை உணர்கின்றது.

ஆயின், குறைக்கக்கூடாத இடமும் உண்டு. இதற்கும் நொக்ஸே சான்று பகர்கின்றார். 1679ஆம் ஆண்டில் அவரும் தோழர் ஒருவரும் சில்லறைப் பொருள் விற்போர்போல நடந்து அநுராதபுரம் வரை வந்து, அங்கிருந்து அருவியாற்றின் வழியே காட்டினூடாக அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். காட்டுப் பயணத்துக்கென அவர்கள் கொண்டு சென்றவை எவை? சில நாள்களுக்குப் போதிய அரிசி, சமைக்க ஒரு பாத்திரம், நீர் முகக்க இரண்டு சுரைக்குடுவைகள், கூடாரத்துக்கு இரண்டு தாளிப்பனை ஓலைகள், கருப்பட்டி, வெற்றிலை, புகையிலை, முள் தைக்காமல் காலணி செய்வதற்கு ஒரு மான்தோல். இவற்றோடு தீமூட்டும் பெட்டி மட்டும் இரண்டு மூன்று! ஒன்று பழுதானால் மற்றொன்று உதவுமல்லவா? உயிரைக் கையிலே பிடித்துக்கொண்டு ஓடுகின்றவர், ஏனைய பொருள்களையெல்லாம் அளந்து எடுத்தவர், தீயின் விடயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. பாரம் குறைக்கும் கலையின் இலக்கணம் முழுவதும் இச்சிறு பட்டியலில் அடங்கியுள்ளது எனலாம்.

இக்கலைக்குப் பெரும் பணம் வேண்டும் என்பதும் இல்லை. 1955ஆம் ஆண்டில் எம்மா கேற்வுட் என்னும் அமெரிக்க மூதாட்டி, தமது 67ஆவது வயதில், 2,000 மைலுக்கும் மேற்பட்ட அப்பலாச்சிய மலைப்பாதையைத் தனியே நடந்து முடித்தார். தாமே தைத்த ஒரு துணிப்பை; மழைக்குக் குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை; காலில் சாதாரணக் கன்வஸ் காலணி. கண்டி வீரனின் ஓலைக்கும் அம்மூதாட்டியின் திரைக்கும் வேற்றுமை அதிகமில்லை.

இதுகாறும் கூறியது தாமே விரும்பிச் சுமப்போரின் கதை. நம் கண்ணெதிரே வேறொரு சுமையும் இருக்கின்றது. கண்டிக்குத் தென்கிழக்கே தெல்தோட்டைப் பக்கமுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில், 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அந்நாள் தொட்டு இம்மலைச் சரிவுகளில் நம் பெண்கள் கொழுந்துக் கூடையைச் சுமந்து வருகின்றனர்.

அக்கூடையும் நுட்பமாக எண்ணிச் செய்யப்பட்டதே. கூடையின் கயிறு தலையிலே மாட்டப்படுவதால் இரு கைகளும் கொழுந்து பறிப்பதற்கு ஓய்வாகின்றன. பின்னலின் இடைவெளிகள் பாரத்தைக் குறைப்பதோடு காற்றையும் உள்ளே விடுகின்றன. கொழுந்து வெதும்பாமல் இருப்பதற்கு அக்காற்று வேண்டும். இப்பொழுது பல தோட்டங்களில் கூடை இருந்த இடத்துக்குச் சாக்குப்பை வந்துவிட்டது. பை இலேசானதுதான், ஆயினும் அதில் கொழுந்து நெருக்குண்டு வெதும்புகின்றது. கூடையிலிருந்து நீக்கக்கூடாத ஒன்றைப் பை நீக்கிவிட்டது.

நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவு தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடினும், பல இடங்களில் அது 18 கிலோவை ஒட்டியே அமைகின்றது. அந்த அளவு குறைந்தால் கூலியும் குறையும். ஆகவே, ஹந்தானை ஏறும் இளைஞர்போல அப்பெண் தன் சுமையைக் குறைத்துக்கொள்ள இயலாது; சுமைதான் அவளுடைய ஊதியம். கூடையின் பாரம் தராசிலே கழிக்கப்படும்; அவள் முதுகிலே கழிக்கப்படுவதில்லை. கழுத்தை அழுத்தும் கயிறும், நனைந்தால் பாரமேறும் படங்கும், நிறுக்கும் இடத்துக்கு ஏறி இறங்கும் வழியும் அவளுக்கு நாள்தோறும் உள்ளவை.

விளையாட்டுக்காக மலையேறுவோரின் முதுகுப்பையிலே சில அவுன்ஸ் குறைப்பதற்கு உலகெங்கும் எத்தனையோ அறிஞர் உழைக்கின்றனர். அப்பைகளின் பாரம் இடுப்புக்கு இறங்குமாறு பட்டை அமைத்துள்ளனர். முதுகிலே காற்று உலாவ வலை பொருத்தியுள்ளனர். காற்றும் புகுந்து, கழுத்தையும் வருத்தாத கொழுந்துக் கூடையொன்று அவ்வறிவுக்கு எட்டாத பொருளன்று. அதை ஆக்குவோர் முதலில் அப்பெண்களிடமே சென்று, எதை நீக்கலாம், எதை நீக்கக்கூடாது என்று கேட்டறிதல் வேண்டும். அக்கூடையை நெடுங்காலம் சுமந்தவர்கள் அவர்களே.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை இலேசான குடையொன்றையோ பையொன்றையோ வாங்கும்போது இரண்டு வினாக்களை எழுப்புங்கள். இதிலிருந்து நீக்கப்பட்டது யாது? நீக்காமல் விடப்பட்டது யாது? விடை மனத்துக்கு நிறைவளித்தால் தயங்காது வாங்குங்கள். அவ்வாறே, பிறர் நமக்காகச் சுமக்கும் சுமையைக் காணும்போதும் அவ்விரு வினாக்களையும் மறவாது எழுப்புங்கள்.