கன்றின் உயிரே மந்தையின் அளவுகோல்

(சிறுசேரியில் கூடிய கறவை மாட்டு நலக் கருத்தரங்கில் ஆற்றிய தலைமை உரை)



 இந்தக் கருத்தரங்கைச் சிறுசேரியில் கூட்டியதற்கு அமைப்பாளர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பழைய மாமல்லபுரம் சாலையில் வருகிறவர்கள் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தக் கட்டடங்களுக்குப் பின்னால் உள்ள தெருக்களில் இன்றும் மாடு கட்டியிருக்கிறது. வயல் மனையாகிவிட்டது. மேய்க்கால் சுருங்கிவிட்டது. வைக்கோலைக்கூட விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. அப்படியும் இரண்டு மாடு, மூன்று மாடு வைத்துக்கொண்டு காலையும் மாலையும் பால் ஊற்றும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. இந்த நாட்டின் பால் உற்பத்தியைத் தாங்கி நிற்பவை இத்தகைய சிறிய கொட்டில்கள்தாம். நம் ஆராய்ச்சி யாருக்காக என்ற கேள்விக்கு இந்த ஊரே பதில்.

நம் துறை சாதித்தவற்றை முதலில் நன்றியோடு நினைத்துப் பார்ப்போம். 1903-இல் வேப்பேரியில் 20 மாணவர்களோடு தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989-இல் பிறந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேராக நிற்கிறது. இங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள காட்டுப்பாக்கத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இயங்குகின்றன. இந்த மாவட்டத்து விவசாயிக்கு அறிவு தொலைவில் இல்லை.

மாட்டு வெக்கை நோயை இங்குள்ள மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊரில் ஒரு மாட்டுக்கு வந்தால் மந்தையே காலியாகும். முக்தேசர் ஆய்வகத்தில் எட்வர்ட்ஸ் என்ற அறிவியலாளர் 1920-களில் அந்த நோய்க் கிருமியை ஆட்டின் உடலில் வளர்த்து, வலுக்குறைத்து, தடுப்பூசியாக்கினார். அதன் பிறகு வந்த மேம்பட்ட தடுப்பூசிகளைத் தோளில் சுமந்துகொண்டு நம் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் ஊர் ஊராக நடந்தார்கள். இந்தியாவில் அந்நோய் கடைசியாகப் பதிவானது 1995-இல், நம் தமிழ்நாட்டில். 2006-இல் இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்ட நாடாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் உலகமே விடுபட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர்கள் பூமியிலிருந்தே துடைத்தெறிந்த இரண்டாவது நோய் அது.

வெக்கைக்குக் காரணம் ஒரே ஒரு கிருமி. அதைத் தடுக்க ஓர் ஊசி இருந்தது. இன்று கொட்டில்களில் நாம் இழப்பவற்றில் பெரும்பங்கு அந்த வகையைச் சேர்ந்ததில்லை. தாமதமாகக் கிடைத்த சீம்பால், ஈரத்தில் படுத்த கன்று, கட்டைவிரலை மடக்கிக் கறந்த காம்பு, வாளி நிறைய ஊற்றிய மிச்சச் சோறு ஆகியவற்றால் வரும் இழப்பு அது. இவற்றுக்கு ஊசி கிடையாது. அன்றாடப் பராமரிப்பு ஒன்றுதான் மருந்து. ஒரு மந்தையின் பராமரிப்பு எப்படி இருக்கிறது என்று அறியப் பலர் பால் லிட்டரைக் கேட்கிறார்கள். அங்கே பிறந்த கன்றுகளில் எத்தனை உயிரோடு வளர்கின்றன என்று கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இன்று உங்கள் முன் வைக்க வந்ததும் அதுதான்.

விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு மாடு கன்று போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தாய் கன்றை நக்குகிறது. கன்று தட்டுத்தடுமாறி எழுந்து மடியைத் தேடுகிறது. வீட்டிலுள்ளவர்கள் அதைப் பிடித்து ஒதுக்கிக் கட்டுகிறார்கள். நஞ்சுக்கொடி விழட்டும், பிறகு சீம்பால் கொடுக்கலாம் என்பது பாட்டி காலத்திலிருந்து வரும் நம்பிக்கை. நஞ்சுக்கொடி விழப் பகல் பத்து மணி ஆகிறது. அந்த ஏழு மணி நேரமும் கன்று வெறும் வயிற்றோடு நிற்கிறது.

அந்த ஏழு மணி நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? மனிதக் குழந்தை கருவிலேயே தாயிடமிருந்து நோய் எதிர்ப்புப் புரதங்களைப் பெற்றுக்கொண்டு பிறக்கிறது. மாட்டின் நஞ்சுக்கொடி அமைப்பில் அதற்கு வழியில்லை. அதனால் கன்று எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் பிறக்கிறது. அதற்கு வேண்டிய பாதுகாப்பு முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. அந்தப் புரதங்களை அப்படியே இரத்தத்துக்குள் விடும் ஆற்றல் கன்றின் குடலுக்குப் பிறந்தவுடன் மிகுதி. மணிக்கு மணி அது குறைந்துகொண்டே போய், ஏறத்தாழ 24 மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. அதன் பிறகு எத்தனை லிட்டர் சீம்பால் கொடுத்தாலும் அது உணவாகும், காப்பாகாது. அடுத்த வாரம் கழிச்சல் வந்து கன்று சாகும்போது, 'ராசியில்லாத கன்று' என்று சொல்லிவிடுகிறோம்.

கன்றின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் முதல் நாளிலேயே உள்ளே போக வேண்டும். இருபத்தைந்து கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். அதன் முதல் தவணை, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கிடைத்துவிட வேண்டும். நஞ்சுக்கொடிக்காகக் காத்திருக்கத் தேவையே இல்லை. கன்று ஊட்டும்போது தாயின் உடலில் ஆக்சிடோசின் சுரக்கிறது. கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்வதும் அதே ஆக்சிடோசின்தான். ஆகவே, சீம்பால் குடிக்கும் கன்று நஞ்சுக்கொடி விழவும் உதவுகிறது. காலைக் கறவையை முடித்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, இந்தக் கருத்தரங்கிலிருந்து ஒரே ஒரு செய்தியை எடுத்துப் போக முடியுமானால் இதை எடுத்துப் போங்கள்.

அடுத்தடுத்த வேலைகளும் இதேபோல எளியவை. தொப்புள் கொடியை உடலிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளிச் சுத்தமான நூலால் கட்டி, கீழே வெட்டி, டிஞ்சர் அயோடினில் நனைக்க வேண்டும். அதைச் செய்யாத கொட்டில்களில்தான் தொப்புள் வீங்கி, கால் மூட்டு வீங்கி, நடக்க முடியாத கன்றுகளைப் பார்க்கிறோம். கன்றுக்குப் பால் வழியாகவே தாயிடமிருந்து உருண்டைப்புழு வந்துவிடுகிறது. அதனால் பத்து நாள் ஆனதும் முதல் குடற்புழு நீக்கம், பிறகு ஆறு மாதம் வரை மாதந்தோறும். இரண்டாம் வாரத்திலிருந்து கன்றுத் தீவனத்தைக் கைப்பிடி அளவில் பழக்கினால் அசைபோடும் வயிறு விரைவாக வளரும்.

இனி கறவைக்கு வருகிறேன். மாமல்லபுரத்தில் கிருஷ்ண மண்டபத்தைப் பார்க்காதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். மண்டபம் பின்னாளில் கட்டியது. உள்ளே பாறையில் உள்ள சிற்பம் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்தது. கோவர்த்தன மலையைத் தூக்கிப் பிடித்த கண்ணனுக்குப் பக்கத்தில் ஒருவர் குந்தி உட்கார்ந்து பால் கறக்கிறார். பசு தலையைத் திருப்பித் தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. கன்று கண்முன் இருந்து, தாய் அமைதியாக இருந்தால் பால் இறங்கும் என்பதை அந்தச் சிற்பி ஒரு கொட்டிலில் நின்று பார்த்திருக்கிறான். அதே நாட்டில்தான், கன்றைச் சாகவிட்டு, அதன் தோலில் வைக்கோலை அடைத்து, அந்தப் பொம்மைக் கன்றைத் தாய்க்கு முன் நிறுத்திக் கறந்தோம். பிறகு பாலை இறக்க ஆக்சிடோசின் ஊசியைக் கையில் எடுத்தோம். ஒரு கன்று செத்தால் அதன் விலை கன்றோடு முடிவதில்லை. தாயின் கறவை முழுவதிலும் அந்த இழப்பு தொடர்கிறது.

பால் இறங்கிய பிறகு ஆக்சிடோசினின் வேகம் சில நிமிடங்களே நிற்கும். ஏழு நிமிடங்களுக்குள் கறந்து முடிக்க வேண்டும். கட்டைவிரலை உள்ளே மடக்கிக் காம்பை இழுக்கும் பழக்கம் காம்பின் உட்புறத்தைக் காயப்படுத்துகிறது. முழுக்கையால் அழுத்திக் கறப்பதே சரி. கறந்து முடித்த பிறகும் காம்புத் துளை மூட அரை மணி நேரம் வரை ஆகும். அந்த நேரத்தில் மாடு சாணத்தில் படுத்தால் மடிநோய்க் கிருமிக்குக் கதவைத் திறந்துவைத்ததாக ஆகிவிடும். கறந்தவுடன் தீவனம் போட்டால் மாடு நின்றுகொண்டே தின்னும், துளையும் மூடிக்கொள்ளும். காம்பைக் கிருமிநாசினியில் முக்குவது, முதல் பீச்சைக் கருந்துணியில் பீச்சித் திரி இருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவற்றுக்குச் செலவு மிகக் குறைவு.

மடிநோய் வந்துவிட்டால் உடனே எதிருயிரி மருந்து என்று ஓடுவதையும் நாம் மறுபரிசீலனை செய்ய வேண்டும். தஞ்சாவூர்ப் பகுதியில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மரபுவழி மூலிகை மருத்துவத்தை முறைப்படுத்திப் பரப்பினார். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து மடியில் பூசும் முறை இன்று தமிழ்நாட்டுக்கு வெளியிலும் பயன்படுகிறது. எதிருயிரி மருந்து தேவைப்படும் இடத்தில் கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்தால், மருத்துவர் சொல்லும் நாள் வரை அந்தப் பாலைச் சங்கத்தில் ஊற்றக் கூடாது. அதைக் குடிப்பது நம் வீட்டுப் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும்தான்.

இந்தச் சாலையோரத்துக்கே உரிய ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். பசும்புல் கிடைக்காத ஊரில் உணவகத்து மிச்சமும் கல்யாண மண்டபத்து மிச்சமும் எளிதாகக் கிடைக்கின்றன. வெந்த சோறு அசைபோடும் வயிற்றில் வெகுவேகமாகப் புளித்து அமிலமாகிறது. மாடு தீனி எடுக்காது, வயிறு அசையாது, புளித்த நாற்றத்தோடு கழியும், பிறகு படுத்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருத்துவமனைகளில் இந்த மாடுகள் வந்து நிற்பதை இங்கேயுள்ள மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். அன்பினால் ஊட்டிய பொங்கலே நோயாகிறது. ஒரு பிடி பொங்கல் போதும். வயிற்றுக்கு வேண்டியது நார். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை வீட்டுக் கழிவுநீர் பாயும் சிறு துண்டு நிலத்திலும் வளர்க்கலாம். வேலி ஓரத்தில் அகத்தியும் வேலிமசாலும் நிற்கலாம். நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி தாது உப்புக் கலவையும், எப்போதும் எட்டும் இடத்தில் தண்ணீரும் இருந்தால் சினைப்பிடிப்புச் சிக்கல் குறையும்.

கடலோரமான நமக்கு வடகிழக்குப் பருவமழையும் ஒரு பாடம். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. மழைக்குப் பின் கொசுவும் கடிஈயும் பெருகும்போது மூன்று நாள் காய்ச்சலும் தோல் கழலை நோயும் அவற்றோடு வருகின்றன. மழைக்காலத்தில் பரவும் தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளை மழைக்கு முன்பே போட்டுக்கொள்வதும், கொட்டில் தரையை மேடாக்கிச் சாணத்தைத் தள்ளி வைப்பதும் புரட்டாசி மாதத்து வேலைகள். 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் கோமாரிக்கும், கிடேரிக் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் கருச்சிதைவு நோய்க்கும் இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள். கருச்சிதைவு நோய் மனிதருக்கும் தொற்றும். கன்று வீசிய மாட்டை வெறும் கையால் தொடாதீர்கள்.

அறிஞர்களே, இனி உங்களிடம் மூன்று கோரிக்கைகள்.

முதலாவது, கன்றுகளைக் கணக்கில் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் முதல் தடுப்பூசியின்போதுதான் கன்றின் காதில் மஞ்சள் அடையாள வில்லை ஏறுகிறது. அதற்குமுன் செத்த கன்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கணக்கில் வராத சாவை எந்தத் திட்டமும் தடுக்காது. ஒவ்வொரு பால் சங்கத்திலும் ஒரு கன்றுப் பதிவேடு வையுங்கள். பிறந்த நேரம், முதல் சீம்பால் கொடுத்த நேரம், மூன்றாம் மாதத்தில் கன்று இருக்கிறதா இல்லையா என்ற மூன்று விவரங்கள் போதும். காளைக் கன்றையும் அதில் எழுதுங்கள்.

இரண்டாவது, பாலின் கொழுப்பைப் பார்க்கும் இடத்திலேயே மறைந்திருக்கும் மடிநோயையும் பார்க்க வழி செய்யுங்கள். மடி வீங்காமலே பால் குறையும் மாடுகள்தாம் நம் சிறு விவசாயியின் கண்ணுக்குத் தெரியாத நட்டம்.

மூன்றாவது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் சாணம் அள்ளுவதும் கன்றுக்குப் பால் விடுவதும் பெண்கள். பயிற்சிக்கு அழைப்பு வருவதோ வீட்டு ஆண்கள் பெயரில். பயிற்சியைப் பெண்களின் நேரத்துக்கும் பெண்களின் கொட்டிலுக்கும் கொண்டுபோங்கள். நஞ்சுக்கொடி விழும் வரை காத்திருப்பது போன்ற நம்பிக்கைகளை அவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் மாற்ற முடியும்.

இந்த இரண்டு நாளும் வாசிக்கப்போகும் கட்டுரைகள் ஒவ்வொன்றையும் இந்தக் கேள்வியோடு கேட்கும்படி வேண்டுகிறேன்: இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு குடும்பம் நாளைக் காலையில் இதில் எதைச் செய்ய முடியும்? அதற்குப் பதில் உள்ள கட்டுரைகள் தீர்மானங்களாகட்டும், தீர்மானங்கள் சங்கங்களுக்குப் போகட்டும். அடுத்த ஆண்டு நாம் கூடும்போது கன்றுப் பதிவேடுகளை மேடையில் வைத்துப் பேசுவோம் என்ற உறுதியோடு இந்தக் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.