கூண்டு திறந்த பிறகு

(பிரிக்பீல்ட்ஸில் நடைபெற்ற அறவாரிய ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிம்பன்சிகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "அப்படியானால் ஆஞ்சநேயர் மகிமைதானே?" என்று கேட்டார். அனுமனுக்கு வால் உண்டு, சிம்பன்சிக்குக் கிடையாது. அது வாலில்லாக் குரங்கினம். கொரில்லாவும், நம் நாட்டு ஒராங் ஊத்தானும், அதிகாலையில் காட்டில் கூவும் கிப்பனும் அதன் உறவினர்கள். மரபணுவை எடுத்துப் பார்த்தால் நமக்கும் சிம்பன்சிக்கும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் வேற்றுமை.

ஆப்பிரிக்கக் காட்டில் வாழும் பிராணிக்கும் கிள்ளானில் வாழும் நமக்கும் என்ன தொடர்பு என்று நினைப்பீர்கள். செம்பனைதான் தொடர்பு. அந்த மரத்தின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. நம் சிலாங்கூரில், தென்னமாராம் தோட்டத்தில், 1917-ஆம் ஆண்டு அதை முதன்முதலாக வணிகப் பயிராக நட்டார்கள். இங்கே அமர்ந்திருக்கும் பலருடைய குடும்பத்துக்கு அந்தக் குலைகள்தான் சோறு போட்டன. கினி நாட்டில் பொசூ என்னும் ஊரருகே வாழும் சிம்பன்சிகளுக்கும் அதுவே உணவு. ஒரு கல்லின்மேல் செம்பனைக் கொட்டையை வைத்து, இன்னொரு கல்லால் தட்டி உடைத்து, பருப்பை எடுத்துத் தின்னும். குட்டி தாயின் அருகில் உட்கார்ந்து, ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்து, பல கொட்டைகளை நழுவவிட்டுத்தான் இதைக் கற்றுக்கொள்கிறது. தாய் இல்லாவிட்டால் இந்தப் பாடம் இல்லை.

சிம்பன்சிக் குட்டியைப் பிடிப்பவன் முதலில் தாயைச் சுடுகிறான். உயிருள்ள தாய் குட்டியை விடமாட்டாள். தடுக்க வரும் மற்றவையும் சாகின்றன. ஆகவே சந்தைக்கு வரும் ஒரு குட்டிக்குப் பின்னால் பல பிணங்கள் கிடக்கின்றன. கொரில்லாவுக்கும் இதே கதிதான். 2002-ஆம் ஆண்டு நான்கு இளங்கொரில்லாக்கள் நைஜீரியாவிலிருந்து நம் தைப்பிங் மிருகக்காட்சி சாலைக்கு வந்து சேர்ந்தன. மிருகக்காட்சி சாலையிலேயே பிறந்தவை என்று காகிதத்தில் எழுதியிருந்தது. காட்டில் பிடித்தவை என்பது பின்னர் வெளிப்பட்டது. உலகெங்குமிருந்து எதிர்ப்பு எழ, 2004-இல் அவை தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவுக்கு அனுப்பப்பட்டன. 2007 நவம்பர் இறுதியில்தான் கமரூன் நாட்டின் லிம்பே காப்பகத்தைச் சென்றடைந்தன. தவறான காகிதத்தைத் திருத்த ஏறத்தாழ ஆறு ஆண்டுகள்! இத்தனைக்கும் அவற்றுக்காக வாதாட உலகமே இருந்தது.

காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்ததோடு கதை முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதும். எனக்கு அங்கேதான் கதை தொடங்குகிறது.

உகாண்டா நாட்டில் விக்டோரியா ஏரியின் நடுவே ங்கம்பா என்றொரு தீவு உண்டு. ஏறத்தாழ நூறு ஏக்கர். 1998-இல் 19 சிம்பன்சிகளுடன் அங்கே ஒரு காப்பகம் தொடங்கினார்கள். இன்று ஏறத்தாழ ஐம்பது இருக்கின்றன. புதிதாக வரும் குட்டியை முதலில் தனியே வைத்துக் காசநோய் முதலியவற்றுக்குச் சோதிப்பார்கள். பிறகு மெல்ல மெல்ல, ஒவ்வொருவராக, மற்ற சிம்பன்சிகளுக்கு அறிமுகம். புது மருமகளைக் கூட்டுக் குடும்பத்தில் பழக்குவது போலத்தான், அவசரப்பட்டால் கடிபடும். காலையில் கதவு திறந்ததும் கூட்டம் காட்டுக்குள் போகிறது. மரமேறும், பேன் பார்க்கும், சண்டையிடும், சண்டைக்குப் பின் கட்டிக்கொள்ளும். ஆனால் நூறு ஏக்கர் காடு ஐம்பது வாய்களுக்குப் போதுமா? போதாது. எனவே முற்பகலிலும் பிற்பகலிலும் பழமும் காய்கறியும் வேலிக்கு மேலாக வீசுகிறார்கள். மாலையில் பெரும்பாலானவை தாமாகவே திரும்பி வந்து, கஞ்சி குடித்து, தொங்கு தொட்டிலில் ஏறிப் படுக்கின்றன. காட்டுச் சிம்பன்சி தினமும் மாலையில் கிளைகளை வளைத்துப் புதிதாகப் படுக்கை பின்னும். இவற்றில் பலவற்றுக்கு அதைச் சொல்லித்தரத் தாய் இருக்கவில்லை.

ஏன் காட்டிலேயே விட்டுவிடக் கூடாது என்று கேட்பீர்கள். சிம்பன்சிக் கூட்டம் தன் எல்லைக்குள் அந்நியன் வந்தால் அடித்தே கொன்றுவிடும். காலியான காடும் எளிதில் கிடைப்பதில்லை. இடப் பற்றாக்குறையால் தீவிலுள்ள பெண் சிம்பன்சிகளுக்குக் கருத்தடை செய்திருக்கிறார்கள். இது எனக்கு வருத்தம் தரும் செய்தி; ஆனாலும் சரியான முடிவு என்றே சொல்வேன்.

நல்ல பராமரிப்பில் சிம்பன்சி ஐம்பது ஆண்டு, அதற்கு மேலும் வாழும். மீட்கும் நாளில் படம் எடுக்கிறார்கள், பணம் குவிகிறது. பதினைந்தாம் ஆண்டுக் கஞ்சிக்கு யார் தருவார்? நம் கோயில்களிலும் திருவிழா உபயத்துக்குப் போட்டி. விளக்கெண்ணெய்க் கட்டளை என்றால் கூட்டம் கலைந்துவிடும். (பொறுப்பாளர்கள் சிரிக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும்.)

நம் நாட்டு ஒராங் ஊத்தான் இவ்விஷயத்தில் சற்றுப் பாக்கியசாலி. பெரும்பாலும் தனித்து வாழும் இனமாதலால் அதைக் காட்டில் விடுவது சிம்பன்சியை விடுவதைவிட எளிது. சபா மாநிலத்தில் சண்டகான் அருகே செப்பிலோக் மறுவாழ்வு நிலையம் 1964 முதல் இதைச் செய்கிறது. சுற்றிலும் 43 சதுர கிலோமீட்டர் வனம். அங்கே மேடையில் வைக்கும் உணவு வேண்டுமென்றே ஒரேமாதிரி இருக்கும். சலிப்புத் தட்டி, பிராணி தானே காட்டில் பழம் தேடட்டும் என்பதற்காக! வராத விருந்தாளியைக் கண்டு மகிழும் சமையற்கட்டு உலகில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நன்கொடை தர எண்ணுவோர் மூன்றே கேள்விகள் கேளுங்கள். பார்வையாளர் குட்டியைத் தூக்கிப் படமெடுக்க அனுமதி உண்டா? பிராணிகளை விலைக்கு வாங்குகிறார்களா? காட்டுக்குத் திரும்ப முடியாத பிராணிகளை இனப்பெருக்கம் செய்ய விடுகிறார்களா? ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் பணப்பையை மூடிவிடுங்கள். கைப்பேசியில் கால்சட்டை போட்ட சிம்பன்சி பல்லைக் காட்டும் காட்சி வந்தால், பேரப்பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள்: அப்படி ஈறு தெரியப் பல்லைக் காட்டுவது பெரும்பாலும் சிரிப்பல்ல, அச்சம்.

செப்பிலோக் போக விரும்பும் அன்பர்கள் கோலாலம்பூரிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் சண்டகானுக்குப் பறந்துவிடலாம். உணவு வேளை காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும். பைகளை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். எந்த ஒராங் ஊத்தானும் வராமல் போகலாம்; வராவிட்டால் நிலையத்தாரிடம் குறைப்பட்டுக்கொள்ளாதீர்கள், அவர்களுக்கு அது நல்ல நாள்.