தலைமையில்லா வலையும் அதன் ஒத்திகையும்



ஸ்ரீமுஷ்ணத்துக்குப் புதிதாக வரும் ஒருவர் ஒரு வீட்டைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பூவராகப் பெருமாள் கோயில் வாசலில் முதலில் எதிர்ப்படுபவரை விசாரிப்பார். அவருக்கு அந்த வீடு தெரியாமலிருக்கலாம். ஆனால் தெரியக்கூடியவர் யார் என்பது தெரியும். "அந்தப் பூக்கடையில் கேளுங்கள்" என்று கை காட்டுவார். மூன்று நான்கு பேரைக் கடந்தால் வீடு வந்துவிடும். ஊர் முழுவதையும் அறிந்த ஒருவர் எங்கும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆயினும் காரியம் நடந்துவிடுகிறது.

கணிப்பொறிகளை இவ்வாறு இணைக்க முடியுமா? நடுவில் ஒரு பெரிய பொறி அமர்ந்து, மற்றவை அதனிடம் கையேந்தி நிற்பதுதான் வழக்கம். எல்லாப் பொறிகளும் சமமாக நின்று, ஒவ்வொன்றும் கேட்பதாகவும் கொடுப்பதாகவும் இருந்தால், அதனை நிகரர் வலை என்று சொல்லலாம். 1999இல் தோன்றிய நாப்ஸ்டர் இதன் பாதிவழி. பாட்டுகள் அன்பர்களின் பொறிகளில் இருந்தன. எந்தப் பாட்டு யாரிடம் என்னும் பட்டியல் மட்டும் நடுவில் இருந்தது. 2001இல் நீதிமன்ற ஆணையால் அந்த நடு நின்றது. வலை முழுவதும் நின்றது. 2000இல் வந்த நூடெல்லாவுக்கு நடுவே இல்லை. ஆனால் அதில் ஒரு கேள்வி பிறந்தால் அண்டையார் அனைவரிடமும் போகும். அவர்கள் தம் அண்டையார் அனைவரையும் கேட்பார்கள். மாசி மகத்தன்று கிள்ளைக் கடற்கரையில் குழந்தையைத் தவறவிட்டவருக்காகக் கூட்டம் முழுவதும் ஒருசேரக் கூவுவது போன்றது இது. கூட்டம் பெருகப் பெருகக் கூச்சலே மிஞ்சும்.

2001இல் அமெரிக்காவில் ஐவர் ஒரு நல்ல வழி கண்டனர். அயன் ஸ்டோயிகா, ராபர்ட் மாரிஸ், டேவிட் கார்கர், பிரான்ஸ் காஷோக் ஆகியோருடன் ஐந்தாமவர் ஹரி பாலகிருஷ்ணன். நம் சென்னை ஐ.ஐ.டி.யில் 1993இல் பட்டம் பெற்றவர். அவர்கள் வகுத்த முறைக்குக் 'கார்ட்' என்று பெயர். அதனைப் பள்ளி மைதானத்திலேயே விளக்கலாம். நான் விளக்கியும் இருக்கிறேன்.

அறுபத்து நான்கு பிள்ளைகளை 0 முதல் 63 வரை எண்ணிட்டு வட்டமாக உட்கார வைத்தேன். ஒவ்வொருவரும் தமக்கு அடுத்த 1, 2, 4, 8, 16, 32ஆம் இடங்களில் இருப்பவரை மட்டும் அறிந்தால் போதும். 5ஆம் எண் பையன் 44ஆம் எண்ணுக்கு ஒரு சீட்டு அனுப்ப வேண்டும். வேண்டிய தூரம் 39. முதலில் 32 தாவி 37க்கு. பிறகு 41, 43, 44. நான்கே தாவல்! பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துக்கொண்டே போனால் முப்பத்தொன்பது கைகள் மாறவேண்டும்.

பிள்ளைகள் அறுபத்து நால்வர் போதும். வலையிலோ பல்லாயிரம் பேர். அத்தனை பொறிகளை வாங்கி வைத்து யார் சோதிப்பது? ஆகவே ஒரே கணிப்பொறியின் நினைவில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு சிறு இடம் ஒதுக்கி, அவருடைய எண்ணையும் அவர் அறிந்தவர்களின் எண்களையும் அதில் எழுதி, பகடை உருட்டுவதுபோல் கேள்விகளை எழுப்பி, தாவல்களை எண்ணினர். நாடகத்துக்கு ஒத்திகை போல, வலைக்கும் ஒத்திகை. எட்டு உறுப்பினர் முதல் 16,384 வரை நடத்திப் பார்த்தனர். உறுப்பினர் தொகை இருமடங்கு ஆகும்போதெல்லாம் சராசரித் தாவல் அரையளவே கூடியது. 16,384 பேரிலும் சராசரி ஏழுதான். பிறகு பதினாயிரம் பேர் கொண்ட வலையில் ஒரு பங்கினரைத் திடீரென நீக்கினர். நீங்கியவர் எத்தனை விழுக்காடோ, விடையற்ற கேள்விகளும் ஏறத்தாழ அத்தனை விழுக்காடே. போனவர்கள் வைத்திருந்த பொருள் போயிற்று. மற்றவர்களின் வழி அறுபடவில்லை.

2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயலைக் கண்ட கடலூர் மாவட்டத்தாருக்கு இங்கே ஓர் ஐயம் எழும். புயல் பகடை உருட்டி வருவதில்லையே. ஒரே வட்டாரத்தை அல்லவா வாரிக்கொண்டு போகிறது? இதற்கும் கார்டில் விடை உண்டு. உறுப்பினரின் முகவரியை ஒரு கணக்கில் இட்டுக் கலைத்துத்தான் அவருக்கு எண் தரப்படுகிறது. ஆகையால் வளையத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் பூமியில் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. சிதம்பரத்துப் பொறிக்கு அண்டை வீடு சிலியில் இருக்கலாம். அறுந்த கம்பியை இது ஒட்டாது. எஞ்சியோரின் வளையத்தைக் காக்கும்.

இந்த ஆய்வுரைக்கு 2011இல், காலத்தை வென்றது என்று ஒரு பரிசும் கிடைத்தது. மறு ஆண்டே பமீலா சேவ் என்னும் அறிஞர் அதில் ஒரு குறை கண்டார். அவர் பெரிய ஒத்திகை நடத்தவில்லை. சில உறுப்பினரே கொண்ட மாதிரி ஒன்றை எழுதி, யார் முதலில் சேர்ந்தால், யார் எப்போது விலகினால் என்று நிகழக்கூடிய வரிசைகள் யாவற்றையும் அலாய் என்னும் கருவியால் ஆராய்ந்தார். சேர்தலும் விலகலும் நெருங்கி நிகழும் சில வரிசைகளில் வளையம் அறுந்து, தானாகப் பொருந்தாமலே நின்றது. பகடை எத்தனை ஆயிரம் முறை உருண்டாலும் அரிய வரிசை ஒன்று விழாமலே போகலாம் அல்லவா?

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. அன்று மைதானத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு அடுத்த இருவரை நினைவில் வைக்க வேண்டும். அடுத்தவர் எழுந்து போனால் அதற்கடுத்தவர் கையைப் பற்ற வேண்டும் என்பது விதி. தாமதமாக வந்த ஒரு மாணவன் காலியாயிருந்த 19ஆம் இடத்தில் அமர்ந்தான். 18ஆம் எண் அவன் கையைப் பற்றியது. அவனுக்கோ 20ஆம் எண்ணை மட்டுமே தெரியும். 20க்கு அடுத்தவர் யார் என்று அவன் கேட்குமுன், 20ஆம் எண் சிறுவன் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். வளையம் அறுந்தது. விளையாட்டுத்தனம் என்று எண்ணி இருவரையும் கடிந்துகொண்டேன்.

சேவ் அம்மையார் பின்னர் வகுத்த திருத்தத்தில், புதியவர் அண்டையாரிடமிருந்து அடுத்தோர் பட்டியலை முழுவதும் பெற்றுக்கொண்டே உள்ளே வருகிறார். தொடக்கத்திலேயே அப்பட்டியலின் நீளத்தைவிட ஒருவரேனும் கூடுதலாக வளையத்தில் இருக்க வேண்டும். பையன்கள் இருவரும் விதிப்படியேதான் நடந்திருக்கிறார்கள். விதியை எழுதிக் கொடுத்தவன் நான்.